சொல்லிக்கொண்டு போகிறவர்கள்

நிரஞ்சனாவுக்குக் கிடைத்த முதல் வேலை, வேலையை விட்டுப் போகிறவர்களை வழியனுப்புகிற வேலை. கேட்கிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முதல் வாரம் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தவள். எழுபத்தோரு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். அறுபது இடங்களில் 'இல்லை' என்று சொல்லக்கூட யாருக்கும் நேரமில்லை. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு காற்றாலைக் கம்பெனி உள்ளே விட்டது. அந்தக் கம்பெனியின் தொழில், காது கொடுத்துக் கேட்பது. பல்லடத்திலிருந்து ஆரல்வாய்மொழி வரை நிற்கிற நாலாயிரம் காற்றாலைகளின் சத்தமும் அவர்களுடைய மூன்றாவது மாடிக்கு வந்து சேரும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, எந்தக் காற்றாலையில் எந்த பேரிங் தேய்கிறது, எது இன்னும் ஒரு மாதத்தில் உடையும் என்று சொல்லிவிடுவார்கள். நிரஞ்சனா ஆசைப்பட்டது அந்த மூன்றாவது மாடிக்கு. கிடைத்தது தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மைக்.

"ஒரு வருஷம் இங்க நல்லாப் பண்ணும்மா. அப்புறம் நானே உன்னை மேல அனுப்பறேன்," என்றார் சுகந்தி மேடம். ஆட்களை எடுப்பதும் அனுப்புவதும் அவர் பொறுப்பு. எப்போதும் பருத்திப் புடவை, எப்போதும் மெல்லிய குரல். அவர் யாரையும் திட்டி யாரும் கேட்டதில்லை.

முதல் நாளே அவளை உட்கார வைத்து விளக்கினார். "இங்க மூணு வருஷம் வேலை பார்த்தவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு நகல் தயாராயிடும். அவங்க காது எப்படிக் கேக்குது, எதுல சந்தேகப்படுது, பக்கத்து ஆளுக்கு எப்படிச் சொல்லித் தருது, எல்லாத்தையும் மெஷின் கத்துக்கும். ஆள் நம்மகிட்ட வேலையில இருக்கற வரைக்கும் நகலையும் வேலை வாங்கலாம். ஆள் போயிட்டா முப்பது நாள்ல அழிச்சிடணும். அது சட்டம்."

"அப்ப எல்லாரும் போகப் போக அழிச்சிட்டே இருக்கணுமா மேடம்?"

"போனாத்தானே?"

நிரஞ்சனாவுக்குப் புரியவில்லை. மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முன்னாடியெல்லாம் மிரட்டிக் கையெழுத்து வாங்கிடுவாங்க. மாசமா இருக்கற பொண்ணுங்ககிட்ட ராஜினாமா எழுதி வாங்கறது சர்வ சாதாரணம். யூனியன்காரங்க பத்து வருஷம் சண்டை போட்டு இந்தச் சட்டத்தக் கொண்டு வந்தாங்க. காகிதத்த விட வாய்ச்சொல்தான் பெருசு. கடைசி நாள் பேச்சுல, திரும்ப வருவேன்னு அவங்க வாயால சொல்லிட்டா அது ராஜினாமா இல்ல, நீண்ட விடுப்பு. அஞ்சு வருஷத்துக்கு அவங்க இடம் பத்திரம். நகலும் பத்திரம்."

"வேற வேலை கிடைச்சுப் போறவங்க எதுக்கு மேடம் திரும்ப வரேன்னு சொல்லப் போறாங்க?"

"ஊர்லருந்து கிளம்பி வர்றப்ப உங்கம்மாகிட்ட என்னம்மா சொல்லிட்டு வந்தே?"

"போயிட்டு வரேன்னு..." என்று ஆரம்பித்த நிரஞ்சனாவுக்குப் புரிந்துவிட்டது.

அதுதான் சங்கதி. இந்த ஊரில் எவன் 'போகிறேன்' என்று சொல்கிறான்? மூன்று வயதுப் பிள்ளை 'போறேன்' என்றால் 'போறேன்னு சொல்லாதடா, போயிட்டு வரேன்னு சொல்லு' என்று அதட்டித் திருத்துகிற கூட்டம் நாம். சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிற மாப்பிள்ளைகூட வாசலில் நின்று 'வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் முறைப்பார். இனி இந்தப் படியை மிதிப்பதில்லை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே வாய் 'வரேங்க' என்று சொல்லும். கடைசி நாள் பேச்சைக் கேட்டுப் பதிகிற மெஷினுக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்டால், தெரியும். தெரியாதது போல வைத்திருந்தார்கள்.

நிரஞ்சனாவின் வேலை கால் மணி நேரம். அடையாள அட்டையை வாங்க வேண்டும், மடிக்கணினியை வாங்க வேண்டும், குறை ஏதாவது உண்டா என்று கேட்க வேண்டும். கடைசியில் எழுந்து நின்று, முகத்தில் சிரிப்போடு, "சரிங்க, பாத்துப் போயிட்டு வாங்க," என்று சொல்ல வேண்டும். அவர்களும் எழுந்து, "சரிங்க, போயிட்டு வரேன்," என்பார்கள். மேசை ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு எரியும். முடிந்தது.

பச்சை விளக்குக்குப் பக்கத்தில் 'வழக்குச் சொல்' என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. சொன்னது வெறும் பேச்சு வழக்குதான், கணக்கில் எடுக்க வேண்டாம் என்று மேசையில் இருப்பவருக்குத் தோன்றினால் முப்பது நொடிக்குள் அதை அமுக்கலாம். "சட்டத்துல இருக்குன்னு வெச்சிருக்கோம். யாரும் அமுக்கறதில்ல," என்று மேடம் சொல்லியிருந்தார். பொத்தானின் மேல் தூசி படிந்திருந்தது.

முதல் ஆளை அனுப்பிய அன்றைக்கு நிரஞ்சனாவால் மதியம் சாப்பிட முடியவில்லை. டப்பாவைத் திறந்து மூடி வைத்துவிட்டாள். இரண்டாவது மாதம் பாதி சாப்பிட்டாள். நாலாவது மாதம் முழுதாகச் சாப்பிட்டுவிட்டு, கேன்டீனில் தயிர் வடை இருக்கிறதா என்று பார்த்தாள். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையதாகவே இருக்காதே, கிள்ளினாலும் தெரியாதே, அப்படி ஆகியிருந்தது உள்ளே. முதலில் அது அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு பயமும் போய்விட்டது.

ஏழாவது மாதம் ஒரு நாள் காலை சென்னியப்பன் வந்து நின்றார். நாற்பத்து நாலு வயது. பதினோரு வருடம் மூன்றாவது மாடியில் இருந்தவர். இரண்டு மாதத்துக்கு முன் அவளிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு, முப்பந்தலில் ஒரு கம்பெனிக்குச் சேரப் போனவர்.

"ஏனுங் கண்ணு, உன்னத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கோணும்," என்று உட்கார்ந்தார். "முப்பந்தல்ல சேத்துக்க மாட்டேங்கறானுங்க. நான் இன்னும் இங்கதான் வேலையில இருக்கறனாமா. லீவுல போயிருக்கறனாமா. ஒரே ஆளு ரெண்டு எடத்துல இருக்க முடியாதுன்னு பதிவேட்டுல சிவப்புல காட்டுது. நான் எப்பக் கண்ணு லீவு கேட்டேன்?"

விதிப்படி பதிவைப் போட்டுக் காட்ட வேண்டும். போட்டாள். அவளுடைய குரல் முதலில் வந்தது: பாத்துப் போயிட்டு வாங்க சார். பிறகு அவர் குரல், வாய் நிறையச் சிரிப்போடு: "சரி கண்ணு, போயிட்டு வரேன்."

சென்னியப்பன் மைக்கைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அடப் பாவத்த! இதச் சொல்லாம எப்புடிக் கண்ணு ஒரு மனுசன் எந்திரிச்சுப் போவான்?"

"மேல்முறையீடு பண்ணலாங்க சார்."

"எத்தன நாளாகுமாமா?"

"ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம் ஆகும்னு சொல்றாங்க."

அவர் தலையாட்டிக்கொண்டார். மகன் பன்னிரண்டாவது படிக்கிறான் என்றார். இப்போதைக்கு மச்சானுடைய வேனை ஓட்டுகிறேன் என்றார். அவள் மேல் கோபமில்லை, சின்னப் பெண் என்ன செய்வாய் என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று நிரஞ்சனாவுக்குத் தோன்றியது, அதுவும் மேலோட்டமாகத்தான். எழுந்து, கதவு வரை போய், திரும்பிப் பார்த்து, "நல்லா இரு கண்ணு, வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மைக்கை அவள் அணைக்கவில்லை. பச்சை விளக்கு மறுபடி எரிந்தது. மேல்முறையீட்டில் இனி அவருக்கு எதிராக இரண்டு பதிவு இருக்கும். ஐயோ மனுஷா என்று வாய் முணுமுணுத்தது. கை அடுத்த ஆளின் கோப்பைத் திறந்தது.

பன்னிரண்டாவது மாதம், அடுத்த கோப்பில் இருந்த பெயர் கௌசிகா.

கௌசிகா யார் என்று சொல்ல வேண்டும். நிரஞ்சனாவுக்குக் காலேஜில் சீனியர், இப்போது பீளமேட்டில் லேடீஸ் ஹாஸ்டலில் அறைத்தோழி. இந்தக் கம்பெனியில் இடம் காலியிருக்கிறது என்று சொல்லி, அவள் விண்ணப்பத்தைத் தன் கையால் மேடத்திடம் கொடுத்தவள். கோபிச்செட்டிபாளையத்துக்காரி, இருபத்தாறு வயது, வாய் ஓயாது. மூன்றாவது மாடியில் அவளைப் போலக் காது யாருக்கும் இல்லை. மற்றவர்கள் ஒரு மாதம் முன்னால் கண்டுபிடிப்பதை அவள் மூன்று மாதம் முன்னால் சொல்லிவிடுவாள். தூத்துக்குடியில் கடலுக்குள் காற்றாலை நட்டிருக்கிற ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டுவிட்டது. அங்கே ஆறு பேர் அவளுக்குக் கீழே. ஒரு மாதமாக அதே பேச்சுதான், அறையிலும், ஆபீஸ் இருக்கையிலும். கடல் காற்றின் சத்தம் வேறு மாதிரி இருக்குமாம். உப்பு ஏறிய பேரிங் எப்படிக் கத்தும் என்று கேட்க வேண்டுமாம்.

கௌசிகாவின் கடைசி நாள் இருபத்தொன்பதாம் தேதி. நிரஞ்சனாவின் தகுதிகாண் காலம் முடிவது முப்பதாம் தேதி. சுகந்தி மேடம் அவளைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

"நீ அனுப்பின மத்தவங்க நகலெல்லாம் ஒரு பக்கம்மா, கௌசிகா நகல் ஒரு பக்கம். அவ மட்டும் வரேன்னு சொல்லிட்டான்னா மறுநாளே உன்னைப் பெர்மனன்ட் பண்ணி, அடுத்த மாசமே மேல அனுப்பறேன். அவளோட சீட்டுக்கே."

"சொல்லலைன்னா மேடம்?"

"சொல்லலைன்னா முப்பதாம் தேதி முடியறது முடியுது." மேடம் அதையும் மெல்லிய குரலில்தான் சொன்னார். "ஆனா சொல்லுவா. உன்மேல அவ்வளவு பிரியம் அவளுக்கு."

இருபத்தொன்பதாம் தேதி காலை ஹாஸ்டல் அறையில் கௌசிகா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பேருந்து சாயந்திரம் நாலு மணிக்கு. நிரஞ்சனா தலை வாரிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள்.

"கௌசி, இன்னிக்குக் கையெழுத்தெல்லாம் போட்டு முடிச்சதும் பேசாம எந்திரிச்சுப் போயிடு. ஒண்ணும் சொல்லாத."

"ஏன்டி?"

"சும்மாதான். எனக்கு அழுகை வந்துடும்."

கௌசிகா கையிலிருந்த சுடிதாரை அவள் மேல் எறிந்தாள். "எழவு வீட்டுலருந்துதான்டி சொல்லாம எந்திரிச்சு வருவாங்க. நான் என்ன செத்தா போறேன்? தலைய வாரு, ஆபீஸ் பஸ்சு போயிரும்."

அப்போது ஒரே ஒரு வாக்கியம் போதும். 'வரேன்னு சொன்னா உன்னை விட மாட்டாங்க.' ஐந்தே சொல். நிரஞ்சனாவின் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் மேசை ரகசியத்தை வெளியே சொன்னால் வழக்குப் போடுவோம் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதை விட, அந்த எழுபத்தோரு விண்ணப்பம். மறுபடி முதலிலிருந்து. அம்மா ஒவ்வொரு நாளும் போனில் 'பெர்மனன்ட் ஆயிடுச்சாடி' என்று கேட்பதும், இல்லை என்றதும் 'பரவால்ல விடு' என்று சொல்வதும். நான் தூண்ட மாட்டேன், அவ்வளவுதான் என்னால் முடியும் என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். மேடம் சொல்லச் சொன்ன வசனத்தைச் சொல்ல மாட்டேன். சொல்லாவிட்டால் அவளும் சொல்ல மாட்டாள். தலையை வாரி முடித்தாள்.

பதினொரு மணிக்குக் கௌசிகா ஜன்னல் இல்லாத அறைக்குள் வந்தாள். அட்டையைக் கொடுத்தாள், மடிக்கணினியைக் கொடுத்தாள். குறை ஏதாவது உண்டா என்றதற்கு, "கேன்டீன் சாம்பார். அத எழுதிக்க," என்றாள். எல்லாம் ஆயிற்று. நிரஞ்சனா எழுந்து நின்றாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

கௌசிகாவும் எழுந்து, காத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

நிரஞ்சனா இல்லையென்று தலையாட்டினாள்.

அவள் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்துவிட்டாள் கௌசிகா. வேறென்ன நினைப்பாள்? காலையில் அப்படித்தானே சொல்லியிருந்தாள். மேசையைச் சுற்றி வந்து அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "லூசு, அழாதடி. தூத்துக்குடி என்ன அமெரிக்காவா? பொங்கலுக்குப் பாக்கலாம். வரேன்டி, என்ன? வரேன்."

அவள் தோளுக்கு மேலே பச்சை விளக்கு எரிவதை நிரஞ்சனா பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. கௌசிகாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே போனாள்.

முப்பது நொடி. பொத்தான் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கை மேசை மேல்தான் இருந்தது. நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள் என்று ஒரு முறை நினைத்தாள். அது சரியான வாதமாக இருந்தது. இன்னொரு முறை நினைத்துப் பார்த்தாள், அப்போதும் சரியாகத்தான் இருந்தது. அமுக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்ததாகச் சொல்ல முடியாது. அமுக்க வேண்டும் என்றும் முடிவு செய்யவில்லை. விரல்கள் அவளுடையவை போலவே இல்லை. விளக்கு அணைந்தது. அவள் கோப்பை மூடி, அடுக்கி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்தாள்.

முப்பதாம் தேதி வேலை நிரந்தரமான கடிதம் வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா போனிலேயே அழுதாள். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேசரி கிண்டிக் கொடுத்தாளாம். "உனக்குச் சந்தோஷமா இருக்காடி?" என்று கேட்டாள். "ம், இருக்கும்மா," என்றாள் நிரஞ்சனா. இருக்க வேண்டிய இடத்தில் தேடிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

ஒன்பது நாள் கழித்துக் கௌசிகா போன் செய்தாள். தூத்துக்குடியில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். "நம்ம ஆபீஸ்ல எவனோ தப்பாப் பதிஞ்சுட்டான்டி. நான் லீவுல இருக்கறனாமா! நீதான அன்னிக்கு இருந்தே? கொஞ்சம் என்னன்னு பாத்துச் சொல்லேன்."

"பாக்கறேன்," என்றாள் நிரஞ்சனா.

இரண்டாவது முறை போன் வந்தபோது, "பாத்துட்டு இருக்கேன்," என்றாள். தூத்துக்குடிக்காரர்கள் இனிக் காத்திருக்க முடியாது என்று வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள் என்று கௌசிகா சொன்னாள். கோபிக்கே திரும்பிப் போய்விட்டாளாம். குரலில் பழைய வேகம் இல்லை. மூன்றாவது முறை மணி அடித்தபோது நிரஞ்சனா போனைக் கவிழ்த்து வைத்தாள். நாலாவது முறை அடிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் மூன்றாவது மாடிக்குப் போனாள். பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம், தூரத்தில் மருதமலை தெரிந்தது. சுகந்தி மேடம் கூடவே வந்து இருக்கையைக் காட்டினார். "ஆறு மாசம் பயிற்சி. கத்துத் தர்ற ஆள் இந்த ஹெட்ஃபோன்லயே இருக்கு. கேட்டுக் கேட்டுக் கத்துக்கோ. இங்க இருக்கறதுலேயே பெஸ்ட்," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நிரஞ்சனா தன் பெயரைப் பதிந்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டினாள்.

"அடியே! வந்துட்டியாடி மேல?"

அவளுக்கு மூச்சு நின்றது. ஒரு நொடிதான், திரும்ப வந்துவிட்டது. அது நகல். கௌசிகா இந்த இருக்கையில் உட்கார்ந்து கேட்டது, சிரித்தது, பேசியது எல்லாவற்றையும் மூன்று வருடமாக உள்ளே வாங்கி வைத்திருந்த நகல். அதற்குத் தெரிந்த கடைசி நாள் இருபத்தொன்பதாம் தேதி.

"எத்தன நாளாச் சொல்லிட்டிருந்தே, மேல வரோணும் மேல வரோணும்னு. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்குது தெரியுமா? சரி, வேல ஆரம்பிக்கறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அவ எப்படி இருக்கறா?"

"யாரு?"

"யாருன்னு கேக்கற பாரு! நான்தான்டி. தூத்துக்குடி போனேனே, அவ. இங்க யாரும் எனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. கடல் காத்தக் கேக்கோணும்னு அப்படி ஆசப்பட்டாளே, கேட்டுட்டாளா?"

நிரஞ்சனா ஜன்னலைப் பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரர்கள் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டுட்டா," என்றாள்.

"எப்படி இருக்குதாமா?"

"நல்லா இருக்காம்."

"அப்பாடா," என்றது குரல். அந்த 'அப்பாடா'வில் பொய் ஒரு துளியும் இல்லை. "சரி, கண்ண மூடிக்க. இது நாப்பத்தி ரெண்டாம் நம்பர் காத்தாடி. ரெக்கை ஒரு சுத்து வர்றப்ப, அடியில, ரொம்ப அடியில, சன்னமா ஒரு கரகரப்பு வரும். அந்த எடம் வலிக்குதுன்னு அர்த்தம். கேக்குதா?"

நிரஞ்சனா கண்ணை மூடினாள். கவனமாகக் கேட்டாள்.

"இல்லையே," என்றாள்.

"பரவால்ல, பழகிரும். இன்னொருக்காக் கேளு."